நோயாளியின் கட்டிலருகே ஓர் இளவரசி

1878 நவம்பர் தொடக்கம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஹெஸ்ஸே பெருங்கோமகனின் அரண்மனை. மூத்த மகள் விக்டோரியா ஒரு மாலை கழுத்து வலிக்கிறது என்றாள். பொன்னுக்கு வீங்கியாக இருக்கும் என்றுதான் தாய், பிரிட்டனின் விக்டோரியா மகாராணியின் மகளான ஆலிஸ், நினைத்தார். மறுநாள் காலையில் வைத்தியர் அவள் தொண்டையைப் பார்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் சவ்வு படர்ந்திருந்தது. டிப்தீரியா. நம் ஊரில் தொண்டை அடைப்பான் என்போமே, அதுதான்.

இன்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்திலேயே இதற்கான தடுப்பூசி போட்டுவிடுகிறோம். அதனால் அந்தச் சவ்வு எவ்வளவு கொடியது என்பது நமக்கு மறந்தே போய்விட்டது. அது தொண்டையில் தடித்துப் படர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கும். கிருமி வெளியிடும் நஞ்சு இதயத்தையும் தாக்கும். 1878-இல் அந்தக் கிருமியே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. நஞ்சை முறிக்கும் மருந்து 1890களில்தான் வந்தது. அன்றைக்கு வைத்தியர்களால் செய்ய முடிந்ததெல்லாம் நீராவி பிடிக்க வைப்பது, தொண்டையைக் கழுவுவது, காத்திருப்பது. அவ்வளவுதான்.

சில நாட்களில் ஆறு வயது ஆலிக்ஸ் படுத்தாள். அடுத்து நான்கு வயதுக் கடைக்குட்டி மேரி. பிறகு ஐரீன், மகன் எர்ன்ஸ்ட், கடைசியில் கணவர் லுட்விக்கும். இரண்டாவது மகள் எல்லாவுக்கு மட்டும் நோய் வரவில்லை. அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆலிஸ் ஒவ்வொரு கட்டிலாகப் போய்வந்து கொண்டிருந்தார். நவம்பர் 16 அன்று மேரி இறந்தாள்.

மற்ற பிள்ளைகள் படுக்கையில் கிடந்ததால் அந்தச் செய்தியை ஆலிஸ் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று எர்ன்ஸ்ட் கேட்டுக்கொண்டே இருந்தான். அவளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு புத்தகத்தையும் தந்தான். அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அவன் சற்றுத் தேறியபின் சொல்லிவிட்டார். பத்து வயதுப் பையன் உடைந்து அழுதான். கிட்டே போகாதீர்கள், முத்தமிடாதீர்கள் என்று வைத்தியர்கள் எச்சரித்திருந்தார்கள். தாய்க்கு அது எப்படி முடியும்? அவனை அணைத்து முத்தமிட்டார். டிசம்பர் 7 வாக்கில் அவருக்கே நோய் கண்டது. 14-ஆம் தேதி காலையில் இறந்தார். வயது 35.

பிரிட்டனின் பிரதமராக இருந்த டிஸ்ரேலி பிரபுக்கள் சபையில் இந்தக் காட்சியை உருக்கமாக விவரித்து, அதை மரண முத்தம் என்றார். அந்தச் சொல் நிலைத்துவிட்டது. உண்மையில் எந்த நொடியில் தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு நோயாளிகள் இருந்த வீட்டில் ஒரு மாதம் இரவும் பகலும் அதே காற்றைச் சுவாசித்தவர் அவர். ஒரேயொரு முத்தத்தில் உயிர்விட்டார் என்று சொல்லும்போது அந்த ஒரு மாத உழைப்பு கண்ணில் படாமல் போகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆலிஸ் இளம்வயதிலிருந்தே நோயாளியின் கட்டிலருகே நின்றவர். அவர் கதையை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

விக்டோரியா மகாராணிக்கும் ஆல்பர்ட்டுக்கும் மூன்றாவது குழந்தையாக, இரண்டாவது மகளாக, 1843 ஏப்ரல் 25 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் பிறந்தார் ஆலிஸ். கிரிமியப் போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களைத் தாயோடு போய்ப் பார்த்தபோது பதின்மூன்று வயதுகூட ஆகவில்லை. 1861 மார்ச்சில் தாய்வழிப் பாட்டி கடைசி நாட்களில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர் ஆலிஸ். பாட்டி இறந்ததும் ஆல்பர்ட் இந்த மகளை அழைத்து, போய் அம்மாவைத் தேற்று என்றார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: அழுகிறவர்கள் பக்கத்தில் இருக்கத் தெரிந்த பெண் இவள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஆல்பர்ட்டே படுத்தார். டைபாய்டு என்றார்கள் வைத்தியர்கள். மூத்த மகள் விக்கி கல்யாணமாகிப் பிரஷ்யாவில் இருந்தார். மகாராணி நிலைகுலைந்து போயிருந்தார். தந்தைக்குப் படித்துக் காட்டியதும், பியானோ வாசித்ததும், இரவுகளில் உடனிருந்ததும் பதினெட்டு வயது ஆலிஸ். 1861 டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் இறந்தார். ஆமாம், அதே டிசம்பர் 14. சரியாகப் பதினேழு ஆண்டுகள் கழித்து அதே நாளில்தான் மகளும் போனார். இடையில் 1871-இல் அண்ணன் பெர்ட்டி, பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், டைபாய்டில் சாகக் கிடந்தார். அப்போதும் சாண்ட்ரிங்ஹாமில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஆலிஸ். அந்த முறையும் டிசம்பர் 14 நெருங்க நெருங்க மகாராணிக்குக் கிலி. நல்லவேளை, பெர்ட்டி அந்த நாளை ஒட்டித்தான் தேறத் தொடங்கினார்.

தந்தை இறந்தபின் சில மாதங்கள் மகாராணி யாரையும் பார்க்க மறுத்தார். அமைச்சர்களுக்கும் அவருக்கும் நடுவில் நின்றவர் ஆலிஸ். தந்தை உயிரோடு இருந்தபோதே நிச்சயமான கல்யாணம் 1862 ஜூலை 1 அன்று நடந்தது. ஒய்ட் தீவில் உள்ள ஆஸ்போர்ன் மாளிகையின் சாப்பாட்டு அறைதான் மண்டபம். ஆலிஸ் வெள்ளை உடை உடுத்தினார், அந்தச் சடங்கு நேரத்துக்கு மட்டும். முன்னும் பின்னும் துக்கக் கறுப்பு. கல்யாணம் என்பதைவிட இழவு வீடு போலத்தான் இருந்தது என்று மகாராணியே மூத்த மகளுக்கு எழுதினார்.

மாப்பிள்ளை ஹெஸ்ஸே அரச குடும்பத்து லுட்விக். சின்ன நாடு, பெரிய வசதி இல்லை. நாடாளுமன்றம் ஒதுக்கிய 30,000 பவுண்டு சீதனத்தை வைத்து இவளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று தாயே சொன்னார். உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யத்தின் மகள், டார்ம்ஸ்டாட்டில் சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார். ஏழு குழந்தைகள்: விக்டோரியா, எல்லா என்று அழைக்கப்பட்ட எலிசபெத், ஐரீன், எர்ன்ஸ்ட் லுட்விக், ஃப்ரிட்டி என்ற ஃப்ரீட்ரிக், ஆலிக்ஸ், மேரி.

ஆலிக்ஸ் என்ற பெயருக்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மானியர்கள் ஆலிஸ் என்ற பெயரைக் கொலை செய்கிறார்கள் என்று ஆலிஸ் தாய்க்கு எழுதினார். ஆலிக்ஸ் என்றால் அவர்கள் வாயில் ஒழுங்காக வரும், அதனால் அந்த வடிவத்தில் தன் பெயரை மகளுக்கு வைத்தார். ஐரீன் என்றால் கிரேக்கத்தில் அமைதி. 1866 ஜூலையில் பிறந்தவள். அப்போது ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். ஹெஸ்ஸே ஆஸ்திரியா பக்கம். அக்கா விக்கியோ பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் மனைவி. அக்காவின் கணவர் ஒரு படையில், தங்கையின் கணவர் எதிர்ப்படையில். அப்படிப்பட்ட நேரத்தில் பிறந்த பெண்ணுக்குத்தான் அமைதி என்று பெயர்.

குழந்தைக்கு ஆலிஸ் தானே தாய்ப்பால் கொடுத்தது விக்டோரியா மகாராணிக்குப் பிடிக்கவில்லை. அரச குடும்பத்துப் பெண் செய்யும் வேலையா இது என்பது அவர் எண்ணம். பால்மோரல் பண்ணையில் ஒரு பசுவுக்கு இளவரசி ஆலிஸ் என்று பெயர் வைக்கச் சொன்னார். பெற்ற தாயிடமிருந்து வரும் கேலி எப்படி வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆலிஸ் மட்டும் மாறவில்லை. உடம்பைப் பற்றியும், பிரசவத்தைப் பற்றியும், நோயைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவது அவர் வழக்கம். தாய்க்கும் மகளுக்கும் நடுவே கடைசிவரை இருந்த உரசலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1864 மார்ச்சில் அவர் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல், பிரசவித்துக் கிடந்த ஓர் ஏழைப் பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார். அழுக்கு முற்றம், அதைத் தாண்டி இருட்டான ஏணிப்படி, மேலே ஒரே ஒரு சின்ன அறை. ஒரு கட்டிலில் தாயும் சேயும். அதே அறையில் இன்னும் நாலு பிள்ளைகள், கணவன், வேறு இரண்டு கட்டில்கள், ஓர் அடுப்பு. உடன் வந்த பெண்ணோடு பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு, அந்தக் கணவனோடு சேர்ந்து ஏதோ சமைத்துக் கொடுத்தார். படுக்கையைச் சரிசெய்தார். குழந்தையை வாங்கி, புண்ணாகிக் கிடந்த அதன் கண்களைக் கழுவினார். அறை நாறவில்லை, அழுக்காகவும் இல்லை என்று அந்த வீட்டின் மானத்தைக் காப்பது போல ஒரு வரியும் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வரிதான் நெஞ்சில் நிற்கிறது. ஏழை வீட்டுக்குப் போய்வந்து அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இப்படி எழுதுவார்கள்?

இரக்கம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலிடம் கடிதம் எழுதி யோசனை கேட்டார். 1867-இல் தன் பெயரில் ஒரு மகளிர் சங்கம் தொடங்கினார். போர்க்காலத்துக்கு மட்டுமில்லாமல் சாதாரண நாட்களுக்கும் பயிற்சி பெற்ற செவிலியரை உருவாக்குவது அதன் வேலை. பெண்கள் தாங்களே சம்பாதித்து வாழத் தொழில் கற்றுக்கொடுக்கும் முயற்சியில் லூயிசே ப்யூக்னர் என்ற பெண்ணுரிமை எழுத்தாளரோடு சேர்ந்து உழைத்தார். 1870-இல் பிரான்சுடன் போர் மூண்டபோது டார்ம்ஸ்டாட் மருத்துவமனைகளில் காயம்பட்டவர்கள் நிறைந்தார்கள். ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் என்ற பேதமில்லாமல் பார்த்தார்கள். ஆலிஸ் அப்போது நிறைமாதம். அந்த அக்டோபரில் பிறந்தவன் ஃப்ரிட்டி. டார்ம்ஸ்டாட்டில் ஆலிஸ் பெயரில் மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

ஃப்ரிட்டியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1873 பிப்ரவரியில் அவன் காதில் சின்னக் காயம். ரத்தம் மூன்று நாள் நிற்கவில்லை. ஆலிஸுக்குப் புரிந்துவிட்டது. தன் தம்பி லியோபோல்டுக்கு இருந்த ஹீமோபிலியா, ரத்தம் உறையாத நோய். அந்த மே 29-ஆம் தேதி காலையில் எர்ன்ஸ்டும் ஃப்ரிட்டியும் தாயின் அறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எர்ன்ஸ்ட் பக்கத்து அறை ஜன்னலுக்கு ஓடினான். அண்ணனைப் பார்க்க ஃப்ரிட்டி ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் ஏறினான். நாற்காலி சாய்ந்து, ஜன்னல் வழியே கீழே விழுந்தான். விழுந்த விழுச்சியில் உயிர் போகவில்லை. வேறு குழந்தையாக இருந்தால் பிழைத்திருக்கலாம். தலைக்குள் கசிந்த ரத்தம் நிற்காமல் அன்று மாலைக்குள் இறந்துபோனான். இரண்டரை வயது.

இந்த நோய் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதில்தான் ஆலிஸின் பெயர் மருத்துவப் பாடங்களில் அடிபடுகிறது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. ரத்தம் உறைவதற்கான மரபணு ஒன்று அந்த எக்ஸில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அவளுக்கு நோய் வெளியே தெரியாது, ஆனால் பிள்ளைக்குக் கடத்த முடியும். ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் நோய் வரும், ஒவ்வொரு மகளும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் கடத்துபவளாவாள். விக்டோரியா மகாராணி அப்படிக் கடத்தியவர். அவரிடமிருந்து ஆலிஸுக்கு வந்தது. ஆலிஸிடமிருந்து ஃப்ரிட்டிக்கு நோயாகவும், ஐரீன், ஆலிக்ஸ் என்ற இரண்டு மகள்களுக்கு வெளியே தெரியாத சுமையாகவும் போனது.

ஐரீன் பிரஷ்ய இளவரசர் ஹென்றியை மணந்தார். மூன்று மகன்களில் இரண்டு பேருக்கு ஹீமோபிலியா. ஆலிக்ஸ் 1894-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிகோலாஸை மணந்து அலெக்சாண்ட்ரா ஆனார். நாலு பெண்களுக்குப் பிறகு 1904-இல் ஒரே மகன் அலெக்செய் பிறந்தான். பட்டத்துக்கு வாரிசு, அவனுக்கும் அதே நோய். அந்தக் குழந்தை வலியில் துடித்த இரவுகள்தான் ரஸ்புடின் என்ற சாமியாருக்கு அரண்மனைக் கதவைத் திறந்துவிட்டன. அதனால்தான் ரஷ்யப் புரட்சி வந்தது என்று சிலர் கதையை முடிச்சுப் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பசியும் போரும் நிலமும் கொண்டுவந்த புரட்சி அது. ஆனால் மக்கள் சந்தேகப்பட்ட பேரரசி, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நோயை மூடிவைத்திருந்த தாய் என்பது உண்மை. ஆறு வயதில் தாயையும் தங்கையையும் ஒரே மாதத்தில் பறிகொடுத்தவர் அவர். தொற்றுக்குப் பயந்து விளையாட்டுச் சாமான்களைக்கூட எரித்துவிட்டார்கள். தாய் முகமும் இல்லை, பழைய பொம்மையும் இல்லை. வெளியாரிடம் ஒட்டாத அவருடைய சுபாவத்தை எடைபோடுவதற்கு முன் அந்த ஆறு வயதுச் சிறுமியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1918 ஜூலை 17 அன்று யெகாடெரின்பர்க்கில் ஆலிக்ஸ் கணவர், ஐந்து பிள்ளைகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அலபயெவ்ஸ்க் அருகே எல்லாவை ஒரு சுரங்கக் குழியில் தள்ளிக் கொன்றார்கள்.

எல்லாவின் கதையில்தான் தாயின் சாயல் நன்றாகத் தெரிகிறது. அவர் கணவர் செர்கெய், ரஷ்யப் பேரரசரின் சித்தப்பா. 1905-இல் கிரெம்ளினில் வெடிகுண்டு வீசிக் கொன்றார்கள். எல்லா ஓடிவந்து பனியில் சிதறிக்கிடந்த உடலைத் தன் கையால் சேகரித்தார். அப்புறம் குண்டு வீசியவரைச் சிறையில் போய்ப் பார்த்து, மன்னிப்பதாகச் சொன்னார். நகைகளை விற்று, 1909-இல் மாஸ்கோவில் மார்த்தா, மரியாள் பெயரில் ஒரு கன்னியர் மடம் தொடங்கினார். அதில் ஏழைகளுக்கு மருத்துவமனை, மருந்தகம், அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம். இரவு முழுக்க நோயாளிகளின் பக்கத்தில் இருப்பது அவர் வழக்கம். டார்ம்ஸ்டாட்டில் தாய் செய்ததை மகள் மாஸ்கோவில் செய்தார். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை பின்னர் அவரைப் புனிதராக அறிவித்தது. ஆலிக்ஸும் முதல் உலகப்போரில் மூத்த மகள்கள் இருவரோடு செவிலியர் பயிற்சி எடுத்துச் சிப்பாய்களின் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர்தான். நோய் வந்த வழியைப் பேசுகிற அளவுக்கு இந்தப் பணிவிடை வந்த வழியை யாரும் பேசுவதில்லை.

மகன் எர்ன்ஸ்ட் லுட்விக் ஹெஸ்ஸேயின் கடைசிப் பெருங்கோமகன். டார்ம்ஸ்டாட்டின் மத்தில்டன்ஹோஹே குன்றில் அவர் 1899-இல் அமைத்த கலைஞர் குடியிருப்பு 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அவர் இறந்த அடுத்த மாதமே, 1937 நவம்பர் 16 அன்று, மனைவி, மூத்த மகன், மருமகள், பேரன்கள் இருவர் எல்லோரும் பெல்ஜியத்தில் விமான விபத்தில் இறந்தார்கள். ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் குட்டி மேரி இறந்ததும் ஒரு நவம்பர் 16.

மூத்தவள் விக்டோரியா பாட்டன்பர்க் இளவரசர் லூயியை மணந்தார். முதல் உலகப்போரில் ஜெர்மன் பெயர்கள் மேல் வெறுப்பு கிளம்பியதால், 1917-இல் அந்தக் குடும்பம் பாட்டன்பர்க்கை மவுண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டது. 1947-இல் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்தாரே, அந்த மவுண்ட்பேட்டன் பிரபு இந்த விக்டோரியாவின் கடைசி மகன். அதாவது ஆலிஸின் பேரன். அவருடைய அக்காவுக்குப் பாட்டியின் பெயரையே வைத்தார்கள்: ஆலிஸ்.

பேத்தி ஆலிஸ் பிறவியிலேயே காது கேளாதவர். கிரேக்க இளவரசர் ஆண்ட்ரூவை மணந்தார். 1912-இல் தொடங்கிய பால்கன் போர்களில் முன்னணியில் மருத்துவமனைகள் அமைத்து, அறுவைச் சிகிச்சைகளில் உதவினார். பிறகு நாடு கடத்தல், மனநோய், மருத்துவமனைச் சிறைவாசம், குடும்பப் பிரிவு என்று எல்லாம் பார்த்துவிட்டார். இரண்டாம் உலகப்போரில் ஏதென்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது ஒரு யூதக் குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். ஜெர்மன் ரகசியப் போலீஸ் விசாரிக்க வந்தபோது, காது கேட்காததால் கேள்வி புரியவில்லை என்று காட்டிக்கொண்டார். 1949-இல், சித்தி எல்லாவின் வழியில், அவரும் ஒரு செவிலிக் கன்னியர் சபையைத் தொடங்கினார். இரண்டாம் எலிசபெத் ராணியின் கணவர் ஃபிலிப் இவருடைய மகன்.

1991-இல் யெகாடெரின்பர்க் அருகே ஒரு குழியிலிருந்து எடுத்த எலும்புகள் ரஷ்ய அரச குடும்பத்தினுடையவைதானா என்று பார்க்க, ஃபிலிப்பிடம் ரத்தம் கேட்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வரும். இளவரசி ஆலிஸிடமிருந்து மகள் ஆலிக்ஸுக்கும், இன்னொரு பக்கம் மகள் விக்டோரியா, பேத்தி ஆலிஸ், அவர் மகன் ஃபிலிப் என்றும் அது மாறாமல் வந்திருந்தது. 1993-இல் இரண்டும் பொருந்தின. பிற்பாடு 2007-இல் கிடைத்த அலெக்செய்யின் எலும்பிலிருந்து அந்த நோய் ஹீமோபிலியா பி வகை என்பதும் தெரியவந்தது.

பேத்தி ஆலிஸ் 1969-இல் இறந்தார். சித்தி எல்லாவின் உடல் ஜெருசலேமில், ஒலிவ மலைச் சரிவில் உள்ள மகதலா மரியாள் கோயிலில் இருக்கிறது. தன்னையும் அங்கேயே புதைக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். 1988-இல் உடலை அங்கே கொண்டுபோனார்கள். 1993-இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம், யூதர்களைக் காத்த பிற இனத்தவருக்குத் தரும் கௌரவத்தை அவருக்கு அளித்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப் அங்கே வந்து அதைப் பெற்றுக்கொண்டார்.  தான் செய்தது பெரிய காரியம் என்று அம்மாவுக்குத் தோன்றியே இருக்காது என்று நினைக்கிறேன், துன்பத்தில் இருக்கும் மனிதர்களுக்கு மனிதர் செய்வது இதுதான் என்று எண்ணியிருப்பார் என்றார்.